அப்பாவின் பீரோவில் எதைக் கிழிக்கலாம், எதைத் தொடக்கூடாது

நீங்கள் கேட்டதன் சாரம் இது. அப்பா ஈரோட்டுப் பக்கம் தன் பெயரில் ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். 2020 மார்ச்சில் கடையை மூடினார், 2023இல் காலமானார். 1988இல் மனை வாங்கி, 1995இல் வீடு கட்டி, 2006இல் மாடி எடுத்தார். இப்போது அந்த வீட்டை வாடகைக்கு விட வேண்டும். ஒரு பீரோ, இரண்டு இரும்புப் பெட்டி, பரண் நிறையத் துணி மூட்டைகள். எல்லாவற்றிலும் பில், பேரேடு, சலான், ரிட்டர்ன் நகல். நீங்கள் சென்னையில் சம்பள வேலையில் இருக்கிறீர்கள். மொத்தத்தையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா, ஏழு வருஷம் வைத்தால் போதும் என்கிறார்களே, அது சரியா?

முப்பது வருடமாகச் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவன் நான். கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் இந்த ஏழு வருஷக் கணக்கைத்தான் சொல்வார்கள். எண்ணில் பெரிய பிழை இல்லை. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் ஆட்கள் இடறுகிறார்கள். தாளில் உள்ள தேதியிலிருந்து எண்ணிவிடுகிறார்கள். வரிச் சட்டத்துக்கு அந்தத் தேதி முக்கியமில்லை. அந்தத் தாள் கடைசியாக எந்த வருடக் கணக்கில் பயன்பட்டதோ, அந்த வருடம்தான் முக்கியம். அப்படிப் பார்த்தால், 2014இல் கடைக்கு ஆணி வாங்கிய பில் செத்துப் பல காலம் ஆகிறது. 2006இல் மாடிக்குக் கம்பி வாங்கிய பில்லுக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

ஆகவே மூட்டையை அவிழ்த்ததும் வருடவாரியாகப் பிரிக்க உட்காராதீர்கள். முதலில் இரண்டு குவியல் போடுங்கள். வருடத்தோடு முடிந்துபோகிற தாள்கள் ஒரு பக்கம்: கடை பில், கேஷ் புக், வவுச்சர், படிவம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று), வாடகை ரசீது, ஜிஎஸ்டி ரிட்டர்ன். சொத்தோடு சேர்ந்து பயணிக்கிற தாள்கள் இன்னொரு பக்கம்: கிரயப் பத்திரம், கட்டட பில், பங்கு வாங்கிய சீட்டு, நகை ரசீது. முதல் குவியலுக்குத்தான் வருடக் கணக்கு.

முதல் குவியலுக்கு 2023-24 நிதியாண்டை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். அப்பா காலமான வருடம் என்பதால் அவர் பெயரில் கடைசியாகப் போட வேண்டிய ரிட்டர்னும் அநேகமாக அதுவே. 2024 மார்ச் 31இல் முடியும் அந்த நிதியாண்டுக்கு 1961ஆம் வருட வருமான வரிச் சட்டப்படி மதிப்பீட்டு ஆண்டு, அதாவது அந்த வருமானத்தைத் துறை கணக்குப் பார்க்கும் அடுத்த ஆண்டு, 2024-25. அது 2025 மார்ச் 31இல் முடிகிறது. வருமான வரியில் பெரும்பாலான கெடுக்கள் இந்த இரண்டாவது தேதியிலிருந்துதான் ஓடும்.

ரிட்டர்னில் வருமானம் விட்டுப்போயிருக்கிறது என்று துறை கருதினால், 148ஆம் பிரிவில் நோட்டீஸ் அனுப்பிப் பழைய வருடத்தைத் திறக்கலாம். 2024 செப்டம்பர் 1 முதல் அதற்கான கெடு, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 3 வருடம் 3 மாதம். விட்டுப்போனதாகச் சொல்லும் தொகை 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் 5 வருடம் 3 மாதம். நம் உதாரண வருடத்துக்கு முதல் கெடு 2028 ஜூன் 30, இரண்டாவது 2030 ஜூன் 30. இதற்கு முன்பு 50 லட்சத்துக்கு மேற்பட்டவற்றில் 10 வருடம் வரை பின்னால் போக முடிந்தது. உங்கள் ஆடிட்டர் பத்து வருடம் வையுங்கள் என்று சொன்னால் அந்தப் பழக்கத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் போன்ற தொழில்காரர்களுக்குக் கணக்குப் புத்தகம் பற்றித் தனியாக 6எஃப் விதி உண்டு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 6 வருடம் வைத்திருக்க வேண்டும்; நம் உதாரணத்தில் 2031 மார்ச் 31 வரை. கடைக்காரர்களை இந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வேறு எண் எதுவும் சொல்லப்படாததால் எல்லாரும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான்.

ஜிஎஸ்டிக்கு வேறு கணக்கு. சிஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்னுக்குக் கடைசி நாள் எதுவோ அதிலிருந்து 72 மாதம் என்கிறது. 2023-24க்கு அந்த நாள் 2024 டிசம்பர் 31. ஆகவே 2030 டிசம்பர் 31 வரை பில், கொள்முதல், இ-வே பில், சரக்கிருப்புக் கணக்கு எல்லாம் இருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்துகொண்டிருந்தால் அது முடிந்து ஒரு வருடம் வரைக்கும். இரண்டில் எது பிந்தியதோ அது.

கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 128ஆம் பிரிவு: நடப்பு வருடத்துக்கு முந்தைய 8 நிதியாண்டுக் கணக்கும் கையில் இருக்க வேண்டும். 2023-24 கணக்கை 2032 மார்ச் 31 வரை விட முடியாது. எல்எல்பி என்கிற வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மைக்கும் 8 வருடம்தான்.

இத்தனை தேதிகளை யாரும் நினைவில் வைக்கப் போவதில்லை. என் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நிதியாண்டு முடிந்த மார்ச் 31இலிருந்து முழுதாக 8 வருடம். மேலே சொன்ன எல்லாக் கெடுவும் அதற்குள் அடங்கிவிடும். ஃபைலின் முதுகில் "2023-24, கிழிக்கும் நாள் 1-4-2032" என்று மார்க்கரில் எழுதி வைத்துவிட்டால் பின்னால் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் வருடச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் வருட வருமான வரிச் சட்டம். அதில் மதிப்பீட்டு ஆண்டு என்ற சொல்லே கிடையாது. 'வரி ஆண்டு' மட்டும். எண்ணும் தொடக்கம் ஒரு வருடம் முன்னே வந்துவிட்டதால் 3 வருடம் 3 மாதம் என்பது 4 வருடம் 3 மாதமாகவும், 5 வருடம் 3 மாதம் என்பது 6 வருடம் 3 மாதமாகவும் எழுதப்பட்டிருக்கின்றன. கெடு நீண்டுவிட்டது என்று பதற வேண்டாம், முடிகிற நாள் அதேதான். அதற்கு முந்தைய வருடங்களுக்குப் பழைய சட்டம்தான் பேசும்.

சரி, அப்பாவின் கடைக்கு வருவோம். கடை மூடியாகிவிட்டதால் இங்கே 8 வருடச் சுருக்குவழி வேண்டாம், அசல் கெடுவையே எண்ணுவோம். கடைசி வருடம் 2019-20. அந்த வருட ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்னுக்குக் கடைசி நாளைத் தள்ளித் தள்ளி 2021 மார்ச் 31 ஆக்கினார்கள். அதிலிருந்து 72 மாதம் என்றால் 2027 மார்ச் 31. வருமான வரிப் பக்கம் மதிப்பீட்டு ஆண்டு 2020-21. அது முடிந்து ஆறு வருடம் எண்ணினாலும் அதே 2027 மார்ச் 31. இரண்டும் ஒரே நாளில் வந்து நிற்பது தற்செயல், ஆனால் உங்களுக்கு வசதி. 2018-19 வருடத்துக்கு ஜிஎஸ்டி கடைசி நாள் 2020 டிசம்பர் 31 ஆகத் தள்ளிப்போனது. அதன் 72 மாதம் 2026 டிசம்பர் 31இல் முடியும். அதற்கும் முந்தைய கடைக் கணக்குகளுக்கு, வழக்கோ மேல்முறையீடோ பாக்கி இல்லை என்றால், இனி வேலை இல்லை. 2017 ஜூலைக்கு முந்தைய வாட் காலத்து மூட்டைகளும் அப்படித்தான். ஆனால் அவற்றை எடைக்குப் போடும் முன் வணிகவரி அலுவலகத்திலிருந்து வந்த ஆணை ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பாக்கி கட்டிய சலான், "பாக்கி இல்லை" என்று வந்த கடிதம் இருந்தால் அவற்றை மட்டும் உருவி எடுத்து வையுங்கள். பில்லை யாரும் கேட்க மாட்டார்கள், கட்டிய வரியைக் கட்டவில்லை என்று கேட்பார்கள்.

கடையை மூடியாயிற்று, ஆளும் போய்விட்டார், இனி யார் கேட்பார்கள் என்று நினைக்க வேண்டாம். இறந்தவரின் வரி விவகாரத்தில் அவரது சட்டப்படியான வாரிசிடம் துறை வரலாம். அவர் விட்டுச்சென்ற சொத்தில் உங்களுக்கு வந்த அளவுக்குத்தான் உங்கள் பொறுப்பு. உங்கள் சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அப்பாவாவது ஞாபகத்திலிருந்து ஏதாவது சொல்வார். உங்களிடம் தாளைத் தவிர வேறெதுவும் கிடையாது.

இதில் நான் பலமுறை பார்த்த ஒரு சங்கடம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போனதும், மாதா மாதம் எதற்கு ரீசார்ஜ் என்று இறந்தவரின் சிம்மை விட்டுவிடுவார்கள். வருமான வரித் தளம், ஜிஎஸ்டி தளம், வங்கி, எல்லா ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் போகும். வருமான வரித் தளத்தில் உங்களை வாரிசாகப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இருவரின் பான் வேண்டும். அதை முடித்து, பழைய ரிட்டர்ன்கள், ஒப்புகைகள், 26ஏஎஸ் (பான் எண்ணில் பிடித்த, கட்டிய வரியின் பட்டியல்) எல்லாவற்றையும் இறக்கி வைக்கிற வரை அந்த சிம் உயிரோடு இருக்கட்டும். ஜிஎஸ்டி தளத்தில் 7 வருடத்துக்கு முந்தைய ரிட்டர்ன்களைப் பார்வையிலிருந்து எடுத்துவிடும் கொள்கையை 2024இலேயே சொல்லிவிட்டார்கள். "தளத்தில்தான் இருக்கிறதே" என்று சும்மா இருந்தால் ஒரு நாள் இருக்காது.

வங்கியும் அப்படித்தான். கணக்கை மூடிப் பணத்தை மாற்றுவதற்கு முன், முடிந்த அளவு பின்னோக்கி ஸ்டேட்மெண்ட் கேட்டு வாங்கிவிடுங்கள். பரிவர்த்தனைப் பதிவுகளைக் குறைந்தது 5 வருடம் வைத்திருப்பதுதான் பணமோசடித் தடுப்புச் சட்டம் வங்கிகளுக்கு இட்ட கடமை. 2009இல் வந்த ஒரு தொகையை இன்று கேட்டால், பாஸ்புக்கைப் பாருங்கள் என்பார்கள். ஆகவே பழைய பாஸ்புக் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நாற்பது வருடப் பாஸ்புக்கும் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

இனி இரண்டாவது குவியல். இதில்தான் பணம் இருக்கிறது.

அந்த வீட்டை இப்போது வாடகைக்குத்தான் விடுகிறீர்கள். என்றைக்காவது விற்பீர்கள். அன்றைக்கு மூலதன ஆதாயத்துக்கு, அதாவது விற்றதில் வந்த லாபத்துக்கு, வரி. வாரிசாக வந்த சொத்தில் "உங்களுக்கு என்ன செலவாயிற்று" என்று கேட்க மாட்டார்கள். அப்பாவுக்கு என்ன செலவாயிற்று என்பதுதான் கணக்கு. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய சொத்து என்றால், வாங்கிய விலைக்குப் பதில் அந்தத் தேதியில் அதன் நியாயச் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தேதிக்கான முத்திரைத் தீர்வை மதிப்பை, அதாவது நாம் வழிகாட்டி மதிப்பு என்று சொல்வதை, அது தாண்டக்கூடாது. 1988இல் சில ஆயிரத்துக்கு வாங்கிய மனைக்கு இது பெரிய சலுகை.

1995இல் வீடு கட்டிய பில்களை நேராகக் கணக்கில் சேர்க்க முடியாது. 2001க்கு முந்தைய கட்டுமானச் செலவெல்லாம் அந்த 2001 மதிப்புக்குள் அடங்கிவிட்டதாகத்தான் சட்டம் பார்க்கிறது. ஆனால் 2001இல் அங்கே வெறும் மனை இல்லை, வீடு நின்றது என்பதற்குச் சாட்சி வேண்டும் அல்லவா? அங்கீகரித்த கட்டட வரைபடம், 2001க்கு முந்தைய ஒரு சொத்து வரி ரசீது, பழைய மின் கட்டண அட்டை. இந்த மூன்றும் கிடைத்தால் தங்கம் மாதிரி வையுங்கள். மதிப்பீட்டாளர் அறிக்கை எழுதும்போது முதலில் கேட்பது இவற்றைத்தான்.

2006இல் எடுத்த மாடியின் பில்களுக்கு இன்னும் மதிப்பு அதிகம். அது 2001க்குப் பிந்தைய மேம்பாட்டுச் செலவு, அப்படியே சேர்க்கலாம். எவ்வளவு லாபம் என்று பார்ப்போம். மாடிக்கு 3 லட்சம் செலவு, வீட்டை 2025-26இல் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களுக்கு இரண்டு வழி உண்டு: பணவீக்கச் சரிக்கட்டல் (பழைய செலவை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் காட்டுவது) இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது சரிக்கட்டலோடு 20 சதவீதம். எதில் வரி குறைவோ அது. பணவீக்கக் குறியீடு 2006-07க்கு 122, 2025-26க்கு 376. ஆக அந்த 3 லட்சம் சுமார் 9.25 லட்சமாகிறது. 20 சதவீத வழியில் போனால் சுமார் 1.85 லட்சம் வரி மிச்சம். 12.5 சதவீத வழியில் போனாலும் 37,500 மிச்சம். செஸ் எல்லாம் தனி. செங்கல், கம்பி, சிமெண்ட் ரசீது, மேஸ்திரிக்குக் கொடுத்த பணத்தைக் குறித்த நோட்டு, மாடிக்கு வாங்கிய கடன் பத்திரம், இவை அடங்கிய ஒரு மஞ்சள் பைக்கு அதுதான் விலை. பழைய பேப்பர்காரர் கிலோவுக்கு என்ன தருவார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவே கடைக்காரர் என்பதால் இன்னொன்றும் யோசியுங்கள். கம்பியும் சிமெண்டும் சொந்தக் கடையிலிருந்தே போயிருக்கலாம். அப்படியானால் 2006 பேரேட்டில் "வீட்டுக்கு" என்று எழுதியிருப்பார். அந்த ஒரு வருடப் பேரேட்டை மட்டும் கிழிக்கும் குவியலிலிருந்து எடுத்து இந்தப் பக்கம் போடுங்கள்.

கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், பட்டா பற்றி நான் சொல்லத் தேவையில்லை, அவை வரிக்காக மட்டும் வைப்பவை அல்ல. பதிவான பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். மேஸ்திரி நோட்டுக்கு நகல் கிடையாது. ஆனால் நம் வீடுகளில் பத்திரம் லாக்கரில் இருக்கும், மேஸ்திரி நோட்டு அடுப்பங்கரையில் கிடக்கும்.

வீட்டை விற்ற பிறகும் உடனே கிழிக்கக்கூடாது. விற்ற வருடம் முடிந்த மார்ச் 31இலிருந்து அந்த 8 வருடம் ஓடத் தொடங்குகிறது. 1988 பத்திரத்தின் நகலும் 2006 பில்லும் அதுவரை கூடவே இருக்க வேண்டும்.

பெட்டியில் பழைய பங்குச் சான்றிதழ்கள், காகிதமாகவே, இருந்தால் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். 2019 ஏப்ரல் 1 முதல் காகிதப் பங்குகளை இன்னொருவர் பெயருக்கு விற்று மாற்ற முடியாது. டீமேட், அதாவது மின்னணுக் கணக்கில் உள்ள பங்கு, ஆக்க வேண்டும். வாரிசுரிமையில் பெயர் மாற்ற வழி உண்டு. ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் பங்கே முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அங்கிருந்தும் விண்ணப்பித்து மீட்கலாம். அதற்கு அந்தச் சான்றிதழும் பழைய டிவிடெண்ட் வாரண்ட்டின் கிழிந்த துண்டும்கூட உதவும். வாங்கிய விலையைக் காட்டும் சீட்டையும் விடாதீர்கள். பட்டியலிட்ட பங்கு என்றால் 2018 ஜனவரி 31 அன்றைய விலையும் கணக்கில் வரும், ஆனால் அதை இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

நகை ரசீதுக்கு வயதே கிடையாது. வருமான வரிச் சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரை நகையைக் கைப்பற்ற வேண்டாம் என்று நேரடி வரிகள் வாரியம் 1994இல் ஒரு அறிவுறுத்தல் கொடுத்தது. பலர் அந்த அளவு வரை நகைக்குக் கணக்கே வேண்டாம் என்று அதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கைப்பற்றுவதைப் பற்றித்தான் அது பேசுகிறது. விற்கும்போது வாங்கிய விலை வேண்டும். பாட்டி கொடுத்தது என்றால் பாட்டி கொடுத்தது என்பதற்கு ஏதாவது ஒரு காகிதம் வேண்டும்.

சிரிக்காதீர்கள், மொய் நோட்டையும் வையுங்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் அது வருமானம். ஆனால் ஒருவரின் திருமணத்தில் அவருக்கு வரும் அன்பளிப்புக்கு வரி இல்லை. கல்யாணம் முடிந்த வாரத்தில் மணமக்கள் கணக்கில் ஏழெட்டு லட்சம் ரொக்கமாகப் போட்டால், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நம் ஊரில் கையெழுத்தில் உள்ள ஒரே பதில் அந்த நோட்டுதான். பத்திரிகை, மண்டப ரசீது, மொய் நோட்டு மூன்றையும் ஒரு உறையில் போட்டு வைத்தால் முடிந்தது. காதுகுத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் அந்த விலக்கு இல்லை என்பதை ஞாபகம் வையுங்கள்.

உங்கள் சொந்தத் தாள்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படிவம் 16, வங்கி வட்டிச் சான்று, வீட்டுக்கடன் சான்று, காப்பீட்டு ரசீது. அதே 8 வருடம். ரிட்டர்னோடு எந்த இணைப்பும் கேட்பதில்லை என்பதால் எல்லா ஆதாரமும் உங்களிடம்தான் இருக்க வேண்டும், துறையிடம் எதுவும் கிடையாது. வாடகைப் படியை (எச்ஆர்ஏ) வருமானத்தில் கழித்திருந்தால் வாடகை ஒப்பந்தமும், வங்கி வழியாகப் பணம் போனதைக் காட்டும் ஸ்டேட்மெண்ட்டும் சேர்த்து வையுங்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி உட்கார்ந்து எழுதிய பன்னிரண்டு ரசீதை மட்டும் இப்போது யாரும் நம்புவதில்லை. புதிய வரி முறைக்கு மாறிவிட்டால் இந்தக் கழிவுகளில் பெரும்பாலானவை இல்லை, தாளும் குறையும். பிஎஃப் தொடர்பான எதையும், பழைய கம்பெனியின் பிஎஃப் எண் உள்ள ஒரு சம்பளச் சீட்டு உட்பட, ஓய்வூதியம் வாங்கும் வரை விடாதீர்கள்.

எட்டு வருட விதி இரண்டு இடத்தில் கைவிடும். ஒன்று நட்டம். வியாபார நட்டம், மூலதன நட்டம் ஆகியவற்றை 8 மதிப்பீட்டு ஆண்டுகள் வரை முன்னே கொண்டுபோகலாம். 2023-24இல் எஃப் அண்டு ஓ எனும் பங்குச்சந்தை முன்பேர வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு, அந்த நட்டத்தின் கடைசித் துண்டை 2031-32 வரி ஆண்டில் (பழைய கணக்கில் 2032-33 மதிப்பீட்டு ஆண்டு) கழித்தால், தொகை பெரிதானால் அந்த ஆண்டை 2038 ஜூன் வரை திறக்க முடியும். அன்று அதிகாரி கேட்பது பங்குத் தரகர் தந்த 2023இன் காண்ட்ராக்ட் நோட்டை. எதை வைத்திருந்தாலும் நட்டம் காட்டிய வருட ஃபைலில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

இன்னொன்று வெளிநாட்டுச் சொத்து. சிங்கப்பூரிலோ துபாயிலோ பத்து வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் அங்கே ஒரு வங்கிக் கணக்கை மூடாமல் விட்டு வருவது சகஜம். இந்தியாவில் முழு வசிப்பாளர் ஆன பிறகு அதை ரிட்டர்னில் காட்ட வேண்டும். 2015ஆம் வருடக் கறுப்புப் பணச் சட்டப்படி, காட்டாத வெளிநாட்டுச் சொத்து என்றைக்கு அதிகாரியின் கவனத்துக்கு வருகிறதோ அந்த வருடத்தின் கணக்கில் வரி விதிக்கலாம். அதாவது கெடு என்று ஒன்று கிடையாது. அந்தப் பணம் அங்கே சம்பாதித்தது என்று காட்டும் சம்பளச் சீட்டு, வேலை அனுமதி, அந்தக் காலத்துப் பாஸ்போர்ட், ஊருக்கு அனுப்பிய ரசீதுகள், இவற்றுக்குக் கிழிக்கும் நாள் எழுதாதீர்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது அப்படி இருந்தால் சொல்லி வையுங்கள்.

நோட்டீஸ் எதுவும் வந்திருந்தால், எந்த வருடத்தைப் பற்றியதாக இருந்தாலும், அது முடிகிற வரை ஒரு துண்டுச் சீட்டைக்கூடக் கிழிக்கக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் வந்த மறுநாள் பரணைச் சுத்தம் செய்தவரை எனக்குத் தெரியும். அவர் நிஜமாகவே சுத்தம்தான் செய்தார். யாரும் நம்பவில்லை.

வைப்பது எப்படி என்று இரண்டு வார்த்தை. கார்டு மெஷினிலும் பெட்ரோல் பங்கிலும் வரும் வழவழப்பான சூடு பில் இரண்டு மூன்று கோடையில் வெள்ளைத் தாளாகிவிடும், லேமினேட் செய்தால் அப்போதே கறுத்துப்போகும். வாங்கிய வாரமே ஸ்கேன் எடுங்கள். கரையான், மழைநீர் இரண்டுக்கும் பரண் சரியான இடமில்லை; 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கீழ்த்தளத்து பீரோக்களில் இருந்தவை கூழாகின. அப்பா டேலி என்கிற கணக்கு மென்பொருளில் கணக்கு வைத்திருந்தால் பழைய ஹார்டு டிஸ்க்கை அப்படியே நம்பாதீர்கள். அந்த வெர்ஷன் ஓடுகிற கம்ப்யூட்டர் இருக்கும்போதே பேரேடு, கேஷ் புக், ஐந்தொகை எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஸ்கேன் எடுத்துவிட்டோம் என்று முத்திரைத் தாளில் எழுதிய எதையும், அசல் கையெழுத்து உள்ள எதையும் கிழிக்க வேண்டாம்.

ரிட்டர்ன் ஒப்புகை, துறை அனுப்பிய மதிப்பீட்டு ஆணை, மேல்முறையீட்டுத் தீர்ப்பு, வரி கட்டிய சலான் இவை நான்கையும் மட்டும் என்றைக்கும் வைத்திருக்கிறேன், அப்பா காலத்தவை உட்பட. முப்பது வருடத்துக்கும் சேர்த்து ஒரு பாக்ஸ் ஃபைல்தான் ஆகும்.

கிழிக்க வேண்டியவற்றை முழுதாகப் பேப்பர்காரரிடம் கொடுக்காதீர்கள். ஒரு தடவை பஜ்ஜி வாங்கினேன், எண்ணெய் ஒற்றிய தாளில் யாரோ ஒருவரின் பான், ஆதார் எண், கையெழுத்து மூன்றும் ஜம்மென்று இருந்தன. இப்போது இதை வைத்துத்தான் ஊர் பேர் தெரியாத ஆட்கள் அடுத்தவர் பெயரில் ஜிஎஸ்டி பதிவு வாங்குகிறார்கள். பான், ஆதார், கையெழுத்து, கணக்கு எண் உள்ள பக்கங்களை மட்டும் பொறுக்கித் தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்துவிடுங்கள், மற்றதை எடைக்குப் போடலாம்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மாடி பில் இருக்கும் அந்தப் பையைத்தான் முதலில் தேடுங்கள். அம்மா இருந்தால் அவரைக் கேளுங்கள், எந்த மூட்டையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். 2018-19, 2019-20 கடை ஃபைல்கள் இரண்டையும் தனியே ஒரு பெட்டியில் போட்டு, மேலே 1-4-2027 என்று எழுதிப் பூட்டிவிட்டு வாருங்கள். வாடகைக்கு வருகிறவரிடம் ஒரு அலமாரியை மட்டும் காலி செய்ய முடியாது என்று சொன்னால் போதும்.